பெயருக்குத் தரும் பணம்

2025 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எதிர்வீட்டு அம்மா கையில் ஒரு கவரோடு எங்கள் சமையலறைக்கு வந்தார். இரவு ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்திருந்தார், நர்ஸ் உடுப்பைக்கூட மாற்றவில்லை. ஜனவரி கடைசியிலிருந்து ஏப்ரல் பாதி வரை தெருவில் யாராவது இப்படிக் கவரோடு வருவது எங்கள் வீட்டில் வழக்கம்தான். டாலஸுக்கு வடக்கே இருக்கும் இந்தப் புறநகரில் பதினாறு வருடமாக வருமான வரிக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் வேலை பார்க்கிறேன். ஆனால் அன்று வந்த கவர் அவருடையது அல்ல, மூத்த மகனுடையது. பெரியவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. வெளிமாநிலத்தில் கல்லூரி ஃபுட்பால், அதாவது ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஆடும் அமெரிக்க ஃபுட்பால், ஆடிக்கொண்டிருந்தான்.

உள்ளே ஒரு 1099 படிவம். மாதச் சம்பளக்காரருக்கு வருவது டபிள்யூ-2. சொந்தத் தொழில் செய்பவருக்கும் ஒப்பந்த வேலை செய்தவருக்கும் வருவது 1099. தொகை 15,000 டாலர். அனுப்பியது பல்கலைக்கழகம் அல்ல. பல்கலைக்கழகத்தின் பெயரை ஒட்டி ஒரு பெயர் வைத்துக்கொண்டு வெளியே நடக்கும் ஓர் அமைப்பு. நான் எல்லோரிடமும் கேட்பதைத்தான் கேட்டேன்: "இது என்ன வேலைக்கு வந்த பணம்?" எந்தச் செலவைக் கழிக்கலாம் என்று பார்க்க அது தெரிய வேண்டும்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "ஒரு தடவை கார் விற்கிற இடத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போட்டான். அவ்வளவுதான்" என்றார். அப்புறம், "அவன் அந்தக் காலேஜில் சேர்ந்ததற்குத்தான் கொடுத்தார்கள். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள்?" என்று கேட்டார்.

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. சட்டத்திலும் இல்லை என்பது அந்தப் பையனுக்காக இதையெல்லாம் தேடிப் படித்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. சட்டம் இந்தப் பணத்துக்கு வைத்திருக்கும் பெயர் நீளமானது: பெயர், உருவம், சாயல். மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்தைச் சேர்த்து எல்லோரும் என்.ஐ.எல். என்கிறார்கள். ஒரு மாணவ வீரர் தன் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்து அதற்குக் காசு வாங்கலாம் என்பதுதான் அதன் பொருள். எதிர்வீட்டுப் பையன் லைன்மேன். ஆறடி நாலங்குலம், கிட்டத்தட்ட 130 கிலோ. பந்தைத் தொடுவதே கிடையாது. முன்வரிசையில் நின்று எதிராளியைத் தடுப்பதுதான் வேலை. முகம் முழுக்க ஹெல்மெட்டுக்குள். அந்த ஊரில் அவன் முகத்தைப் பார்த்து யார் கார் வாங்கியிருப்பார்கள்?

இந்த ஊருக்கு வந்து பல வருடம் நான் ஃபுட்பால் பார்த்ததில்லை. மகள் உயர்நிலைப் பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசிக்கச் சேர்ந்த பிறகுதான் வெள்ளிக்கிழமை இரவுகள் மாறின. இங்கே நம்மவர்கள் நிறையப் பேருக்கு ஃபுட்பால் அறிமுகமாவது பேண்ட் வழியாகத்தான். பெற்றோர்கள் முறைவைத்து மைதானத்துத் தின்பண்டக் கடையில் நிற்க வேண்டும். நாச்சோவுக்குச் சீஸ் ஊற்றும் இடத்தில் எனக்குப் பக்கத்தில் நின்றவர்தான் எதிர்வீட்டு அம்மா. மூன்று வருடம் வெள்ளிக்கிழமைகளில் சேர்ந்து நின்றிருக்கிறோம். பெரியவன் என்னை "மேம்" என்றுதான் கூப்பிடுவான், எங்கள் வீட்டுக் குப்பைத் தொட்டியைச் சொல்லாமலே உள்ளே இழுத்து வைப்பான். அவனைத் தேடிக் கல்லூரிக் கோச்சுகள் வர ஆரம்பித்தபோது அந்த வீட்டில் நடந்ததெல்லாம் எனக்கு அன்றன்றே தெரியும்.

பழைய விதி என்ன என்பதைச் சொல்லாமல் புதியதைப் பேச முடியாது. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு பல பத்தாண்டுகளாக ஒரே ஒரு பிடிவாதத்தில் இருந்தது: வீரருக்குப் படிப்புச் செலவு, தங்கும் இடம், சாப்பாடு கொடுக்கலாம், அதற்கு மேல் ஒரு காசு கூடாது. "மாணவ வீரர்" என்ற சொல்லே அதற்காக உண்டாக்கப்பட்டதுதான். 1955இல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்கு ஆடிய ரே டெனிசன் தலையில் அடிபட்டு இறந்தார். வேலையில் இறந்தவர் குடும்பத்துக்குக் கிடைக்கும் இழப்பீட்டை அவர் மனைவி கேட்டார். ஃபுட்பால் ஆடியது வேலை அல்ல என்று 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. அந்தக் காலத்தில் என்.சி.ஏ.ஏ.வை நடத்திய வால்டர் பையர்ஸ், இப்படிப்பட்ட வழக்குகளுக்குப் பயந்துதான் அந்தச் சொல்லை உண்டாக்கினோம் என்று வயதான காலத்தில் தானே எழுதினார். எழுபது வருடமாக ஒரு சொல் எத்தனை குடும்பங்களின் பணத்தைத் தடுத்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு மனம் ஆறவே மாட்டேன் என்கிறது.

2010இல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்து ஏ.ஜே. கிரீன், தான் போட்டு ஆடிய சட்டையை 1,000 டாலருக்கு விற்றதற்காக நான்கு ஆட்டம் வெளியே உட்கார வைக்கப்பட்டார். அதே எட்டாம் எண் சட்டையைப் பல்கலைக்கழகக் கடை விற்றுக்கொண்டிருந்தது. தெற்குக் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ரெஜி புஷ், நாட்டின் சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்குத் தரும் ஹைஸ்மன் கோப்பையை 2005இல் வாங்கி, 2010இல் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவரும் குடும்பத்தாரும் பணம் வாங்கினார்கள் என்பது குற்றம். காலம் மாறிவிட்டது என்று சொல்லி 2024 ஏப்ரலில்தான் அதைத் திரும்பக் கையில் கொடுத்தார்கள்.

ஆகவே 2019 செப்டம்பர் 30ஆம் தேதி கலிஃபோர்னியா ஆளுநர் கேவின் நியூசம் ஒரு புதிய சட்டத்தில் கையெழுத்திட்டபோது நடந்தது நியாயமான காரியம். நான்சி ஸ்கின்னரும் ஸ்டீவன் பிராட்ஃபோர்டும் கொண்டுவந்த மசோதா அது. விளம்பரப் பணம் வாங்கினான் என்பதற்காக எந்தக் கல்லூரியும் மாணவனை ஆட்டத்திலிருந்து நீக்கக் கூடாது என்றது. கையெழுத்திட வேண்டாம், கலிஃபோர்னியாக் கல்லூரிகள் போட்டிகளிலிருந்தே விலக்கப்பட நேரிடும் என்று என்.சி.ஏ.ஏ. ஆளுநருக்குக் கடிதம் எழுதிப் பார்த்தது. அவர் கேட்கவில்லை.

அடுத்து நடந்ததில் மற்ற மாநிலங்களுக்கு மாணவர்கள்மேல் திடீரென்று பாசம் வந்ததாக நான் நம்பவில்லை. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குகளில் நல்லவர்கள் எல்லோரும் கலிஃபோர்னியாவுக்குப் போய்விடுவார்கள் என்ற பயம் வந்தது. கலிஃபோர்னியாச் சட்டம் 2023இல்தான் அமலுக்கு வருவதாக இருந்தது. ஃப்ளோரிடா முந்திக்கொண்டு 2021 ஜூலை 1 என்று நாள் குறித்தது. உடனே அலபாமா, ஜார்ஜியா, டெக்சஸ் என்று தெற்கே ஒவ்வொரு மாநிலமும் ஓடி வந்தது. இதற்கு நடுவே ஜூன் 21ஆம் தேதி, ஆல்ஸ்டன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒன்பது பேரும் ஒருமித்து என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அது படிப்பு தொடர்பான சலுகைகளைப் பற்றிய வழக்குதான். ஆனால் என்.சி.ஏ.ஏ. சட்டத்துக்கு மேலானது அல்ல என்று நீதிபதி கவனா தனியாக எழுதிய குறிப்பு எல்லோர் காதிலும் விழுந்தது. ஜூன் 30ஆம் தேதி என்.சி.ஏ.ஏ. ஒரு தற்காலிக விதியை வெளியிட்டு, மறுநாளிலிருந்து நாடு முழுவதும் விளம்பரப் பணத்துக்குக் கதவைத் திறந்தது.

ஆள் சேர்ப்புக்காகத்தான் இந்தச் சட்டங்கள் எழுதப்பட்டன என்பதற்கு அலபாமாவைவிட நல்ல சாட்சி இல்லை. 2021 ஏப்ரலில் சட்டம் போட்டார்கள். என்.சி.ஏ.ஏ.வின் தற்காலிக விதி அதைவிடத் தளர்வாக இருந்தது. சொந்தச் சட்டமே தங்கள் கல்லூரிகளின் கையைக் கட்டுகிறது என்று தெரிந்ததும், ஒரு வருடம்கூட ஆகாமல் 2022 பிப்ரவரியில் அதை ரத்து செய்துவிட்டார்கள். மிசௌரி 2023இல் இன்னும் ஒரு படி போனது: எங்கள் மாநிலத்துப் பள்ளி மாணவன் எங்கள் மாநிலக் கல்லூரிக்கே கையெழுத்திட்டால், பள்ளியில் இருக்கும்போதே சம்பாதிக்க ஆரம்பிக்கலாம். பையனை ஊரைவிட்டுப் போகவிடாமல் வாசலில் கட்டிய கயிறு அது. இதில் எங்கேயும் விளம்பரம் என்ற சரக்கை நான் பார்க்கவில்லை.

எங்கள் ஊர்ப்பக்கம் இது முதலில் வெடித்தது குவின் யூயர்ஸ் விஷயத்தில். சவுத்லேக் எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரம். அங்கே கேரல் உயர்நிலைப் பள்ளியின் குவார்ட்டர்பேக் அவர், நாட்டிலேயே முதலிடத்தில் வைத்துப் பேசப்பட்டவர். டெக்சஸ் சட்டம் கல்லூரி மாணவருக்குத்தான் வழிவிட்டது. பள்ளியில் படிப்பவருக்குத் தடை. சம்பாதிக்க அனுமதி இல்லை என்று தெரிந்ததும், 2021 ஆகஸ்டில் பள்ளியின் கடைசி வருடத்தையே விட்டுவிட்டு ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போனார். 14 லட்சம் டாலர் ஒப்பந்தம் என்று பத்திரிகைகளில் வந்தது. அங்கே அந்த சீசனில் இரண்டே இரண்டு முறை பந்தைக் கையில் வாங்கினார். டிசம்பரில் சொந்த மாநிலத்துக்கே திரும்பி டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதன் பிறகு அந்த அணியை இரண்டு முறை தேசிய அரையிறுதி வரை கொண்டுபோனார், அது அவருடைய உழைப்பு. ஆனால் அந்த ஆகஸ்டில் எங்கள் தின்பண்டக் கடையில் பேச்செல்லாம் ஒன்றுதான்: ஒரு மாநிலச் சட்டத்தின் ஒரு வரிக்காக ஒரு பையன் தன் நண்பர்களோடு ஆட வேண்டிய கடைசி வருடத்தைத் தொலைத்தான். பக்கத்தில் நின்ற தாய்மார்கள் யாரும் அவனைக் குறை சொல்லவில்லை.

அதன் பிறகுதான் கலெக்டிவ் என்ற சொல் வந்தது. பூஸ்டர் என்றால் கல்லூரி அணிக்கு அள்ளிக் கொடுக்கும் பணக்கார ரசிகர். பல பூஸ்டர்கள் சேர்ந்து வெளியே ஓர் அமைப்பு வைத்துப் பணம் திரட்டி வீரர்களோடு ஒப்பந்தம் போட்டால் அது கலெக்டிவ். 2021 டிசம்பரில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சுற்றி அப்படி ஓர் அமைப்பு, ஸ்காலர்ஷிப்பில் இருக்கும் ஒவ்வொரு லைன்மேனுக்கும் வருடம் 50,000 டாலர் என்று அறிவித்தது, தர்ம காரியங்களுக்கு முகம் காட்டுவதற்காக. 2022இல் டெக்சஸ் டெக் பக்கம் இன்னோர் அமைப்பு நூறு ஆட்டக்காரர்களுக்கு ஆளுக்கு 25,000 என்றது. எதிர்வீட்டில் அப்போது பெரியவன் பத்தாம் வகுப்பு முடித்திருந்தான். "லைன்மேனுக்குக்கூடப் பணம் வருமாம்" என்று அவன் அப்பா எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னது நினைவிருக்கிறது. லாரி ஓட்டும் மனிதர், பேச்சில் ஆசையைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது.

பல கலெக்டிவ்கள் வரிவிலக்கு பெற்ற தர்ம ஸ்தாபனமாகப் பதிவு செய்துகொண்டன. கொடுத்த காசை நன்கொடை என்று காட்டிய வாடிக்கையாளர் எனக்கே உண்டு. 2023 கோடையில் அமெரிக்க வருமான வரித் துறையான ஐ.ஆர்.எஸ். ஒரு குறிப்பு வெளியிட்டது: இவற்றில் பலவற்றின் முக்கியப் பயன் ஆட்டக்காரருக்குத்தான் போகிறது, அது தர்மம் ஆகாது என்று. சரி, கணக்கு எழுதுபவளுக்கு அது முக்கியம். பையனுக்கு முக்கியமான விஷயம் வேறு.

என்.சி.ஏ.ஏ. விளம்பரப் பணத்தை அனுமதித்தாலும் ஒரு கோட்டைக் கிழித்தது. கல்லூரியில் சேர்வதற்காக என்று ஒருவனுக்குப் பணம் பேசக் கூடாது. சேர்ந்த பிறகு பேசலாம். கேட்க நேர்மையாகத்தான் இருக்கிறது. அந்த வீட்டுச் சமையலறையில் அது எப்படி நடந்தது என்றால்: கோச் வந்தார், படிப்பைப் பற்றியும் அணியைப் பற்றியும் பேசினார், அம்மா செய்த பீச் காப்ளரைச் சாப்பிட்டார், பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாள் கழித்துத் தெரியாத எண்ணிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். அணியின் நலம் விரும்பி என்று சொல்லிக்கொண்டார். பையன் வந்தால் மாதம் 3,000 டாலர், மூன்று வருடத்துக்கு என்றார். எழுதித் தர முடியுமா என்று அம்மா கேட்டதற்கு, இப்போது எழுதினால் பையனுக்குத்தான் ஆபத்து, ஆடும் தகுதியே போய்விடும் என்றார். அவர் சொன்னது பொய் அல்ல. விதி அப்படித்தான் இருந்தது. பையனைக் காப்பதாகச் சொன்ன விதி, அவனுக்குக் கொடுத்த வாக்கைக் காகிதத்தில் ஏறவிடாமல் செய்தது. 2023 டிசம்பரில் பள்ளி ஜிம்மில் மேசைமேல் கல்லூரிகளின் தொப்பிகளை வரிசையாக வைத்து, ஒன்றை எடுத்துத் தலையில் மாட்டி, கையெழுத்திட்டான். நானும் போயிருந்தேன். கல்லூரிக்கு அவன் தந்தது எழுத்தில் இருந்தது. அவனுக்குத் தருவதாகச் சொன்னது வாய்ச்சொல்லில் இருந்தது.

இரண்டே மாதம் கழித்து, 2024 பிப்ரவரி 23ஆம் தேதி, டென்னசியில் நீதிபதி கிளிஃப்டன் கார்க்கர் அந்த விதியை அமல்படுத்தக் கூடாது என்று இடைக்காலத் தடை போட்டார். டென்னசி, வர்ஜீனியா மாநில அரசு வழக்கறிஞர்கள் போட்ட வழக்கு அது. தன் மதிப்பு என்ன என்று தெரியாமலே ஒரு பையன் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது, அது அவனுக்கு நஷ்டம் என்பதுதான் வாதத்தின் சாரம். தீர்ப்பின் செய்தியை நான் அந்த அம்மாவுக்கு அனுப்பினேன். அவர் பதில் எதுவும் அனுப்பவில்லை.

எழுதி வாங்கினவர்கள் நிம்மதியாக இருந்தார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. ஜேடன் ரஷாடா என்ற கலிஃபோர்னியா குவார்ட்டர்பேக் 2022இல் மயாமிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்துக்கு மாறினார். ஒரு கலெக்டிவ் அவருக்கு நான்கு வருடத்தில் 1 கோடியே 38 லட்சத்து 50 ஆயிரம் டாலர் தருவதாக ஒப்பந்தம். முதல் தவணை வருவதற்குள் ஒப்பந்தத்தையே ரத்து செய்தார்கள். 2023 ஜனவரியில் தன்னை விடுவிக்கச் சொல்லி வெளியே வந்தார், அரிசோனா ஸ்டேட் போனார், பிறகு ஜார்ஜியா. 2024 மே மாதம் ஃப்ளோரிடாவின் அப்போதைய கோச் பில்லி நேப்பியர் மேலும் ஒரு நன்கொடையாளர் மேலும் வழக்குப் போட்டார். அவர்கள் தரப்பு மறுத்தது. அதே 2024 செப்டம்பரில் லாஸ் வேகஸில் இருக்கும் யு.என்.எல்.வி. பல்கலைக்கழக அணி முதல் மூன்று ஆட்டத்தையும் வென்றிருந்த நேரத்தில், குவார்ட்டர்பேக் மேத்யூ ஸ்லூகா நடுவிலேயே விலகினார். 1 லட்சம் டாலர் என்று வாயால் சொன்னார்கள், தரவில்லை என்றது அவர் தரப்பு. அப்படி ஒரு பேச்சு முறைப்படி நடக்கவே இல்லை என்றது பல்கலைக்கழகம்.

இதை இன்னொரு ஒப்பந்தத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2023 நவம்பரில் டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் கோச் ஜிம்போ ஃபிஷரை வேலையிலிருந்து அனுப்பியது. மீதி ஒப்பந்தத்துக்காக அவருக்குத் தர வேண்டிய தொகை 7.5 கோடி டாலருக்கும் மேல். இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொன்னவருக்கும் அந்தப் பணம் உண்டு, ஏனென்றால் எழுதியிருக்கிறது. அவரைச் சட்டம் பணியாளர் என்று ஒத்துக்கொள்கிறது. கோச்சிடம் நீதிமன்றத்தில் நீட்ட ஒரு காகிதம் இருந்தது. பெரியவனிடம் ஒரு தொலைபேசி எண் இருந்தது, அதுவும் அக்டோபருக்குப் பிறகு எடுக்கப்படவில்லை.

ஆமாம், அதுதான் நடந்தது. 2024 ஜூனில் போய்ச் சேர்ந்தான். சேர்ந்த பிறகு இரண்டு பக்கக் காகிதம் ஒன்று வந்தது. அதில் மூன்று வருடம் என்ற பேச்சே இல்லை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று இருந்தது. ஐந்து மாதம் பணம் வந்தது. நவம்பரில் நின்றுவிட்டது. நிதி குறைந்துவிட்டது என்று ஒரு மின்னஞ்சல். கோச்சிடம் கேட்டால் அது எங்கள் கையில் இல்லை, வெளி அமைப்பு என்றார். அவனுக்காக நான் போட்ட கணக்கில் சுயதொழில் வரி மட்டுமே 2,000 டாலருக்கு மேல் வந்தது. மாதாமாதம் யாரும் பிடித்தம் செய்யவில்லை, காலாண்டுக்கு ஒருமுறை முன்கூட்டிக் கட்ட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வந்த பணத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்பியிருந்தான். அதில்தான் தம்பியின் பல்லுக்குக் கம்பி போட்டார்கள். கல்லூரி இருந்த மாநிலத்துக்குத் தனியாக ஒரு படிவமும் போட வேண்டியிருந்தது. டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது, ஃப்ளோரிடாவிலும் டென்னசியிலும் கிடையாது. எங்களிடம் வந்தால் அத்தனையும் உன் கைக்கே என்று ஆள் சேர்க்கும்போது இதைக்கூடச் சொல்கிறார்கள் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன்.

டிசம்பரில் அவன் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் பெயரைக் கொடுத்தான். வேறு கல்லூரிக்குப் போக விரும்புகிறவர்கள் பெயரைப் பதியும் பட்டியல் அது, 2018இல் ஆரம்பித்தது. முன்பெல்லாம் ஃபுட்பாலில் மாறினால் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும். 2021இல் ஒருமுறை மட்டும் தடையில்லை என்றார்கள். 2024இல் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம், படிப்பில் தேறியிருந்தால் போதும் என்றாகிவிட்டது. விளம்பரச் சட்டமும் போர்ட்டலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது. பதினெட்டு வயதுப் பையன் தேறுவானா என்று இரண்டு வருடம் காத்திருப்பதைவிட, வேறு இடத்தில் தேறிய இருபத்திரண்டு வயதுக்காரனைக் காசு கொடுத்துக் கூட்டிவருவது கோச்சுக்குப் பத்திரம். அதனால் பள்ளியிலிருந்து நேராகப் போகும் பையன்களுக்கு, உச்சியில் இருக்கும் சிலரைத் தவிர, இடம் சுருங்கிக்கொண்டே வருகிறது. விளம்பரப் பணத்தால் பணக்கார வீட்டுப் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று தொலைக்காட்சியில் பேசுகிறார்கள். நடுவில் நிற்கும் இந்தப் பையன்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

நம்மவர்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மூலையிலும் இந்தச் சட்டம் இடிக்கிறது. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் அனுமதி இல்லாமல் வளாகத்துக்கு வெளியே சம்பாதிக்க முடியாது என்பது இங்கே படிக்க வந்த ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளைக்கும் மனப்பாடம். கல்லூரி ஃபுட்பாலில் பந்தை உயர உதைக்கும் பன்டர்களில் நிறையப் பேர் ஆஸ்திரேலியர்கள், அவர்களுக்கும் அதே விசா. அயோவா பல்கலைக்கழகத்தின் டோரி டெய்லர் 2023இல் நாட்டின் சிறந்த பன்டர் விருது வாங்கியவர். அவர் பெயரை வைத்துச் சட்டை விற்றபோது காசு தர்மத்துக்குப் போனது. பக்கத்தில் ஆடும் அமெரிக்கப் பையனுக்கு உரிமை என்று சட்டம் சொல்வது, இவருக்கு விசா மீறல் ஆகிவிடும். தன் பெயர் தனக்குச் சொந்தம் என்றால் அது பாஸ்போர்ட்டைப் பார்த்தா சொந்தமாகும்?

2025 ஜூன் 6ஆம் தேதி நீதிபதி கிளாடியா வில்கன், ஆட்டக்காரர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தை ஏற்றுக்கொண்டார். பழைய ஆட்டக்காரர்களுக்குப் பத்து வருடத்தில் கிட்டத்தட்ட 280 கோடி டாலர். இனிமேல் கல்லூரிகளே நேரடியாக வீரர்களுக்குக் கொடுக்கலாம், முதல் வருடத்துக்கு ஒரு கல்லூரிக்கு 2.05 கோடி டாலர் வரை. வெளியிலிருந்து 600 டாலருக்கு மேல் வரும் விளம்பர ஒப்பந்தங்களைப் புதிய ஆணையம் ஒன்று சரிபார்க்கும். ஃபுட்பால் அணியில் 105 பேருக்கு மேல் கூடாது. இந்தக் கடைசி வரி சின்னதாகத் தெரியும். ஸ்காலர்ஷிப் இல்லாமல், சொந்தச் செலவில் படித்துக்கொண்டு, ஆட்டத்தின்மேல் உள்ள பிரியத்தால் பயிற்சிக்கு வரும் வாக்-ஆன் பையன்கள் பல அணிகளில் இருந்தார்கள், அவர்களில் பலருக்கு இடம் போயிற்று. 2021இல் யூட்டா மாநிலத்து பி.ஒய்.யு. பல்கலைக்கழக அணியின் 36 வாக்-ஆன்களுக்கும் ஒரு தின்பண்ட நிறுவனம் விளம்பர ஒப்பந்தம் வழியாகப் படிப்புச் செலவைக் கொடுத்தபோது அந்தப் பையன்கள் குதித்த வீடியோவை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று தெரியாது. இந்தச் சட்டம் கொடுத்த நல்ல நாள்களில் அது ஒன்று.

ஜூலையில் எதிர்வீட்டு அம்மா மறுபடி ஒரு கவரோடு வந்தார். பெரியவன் இப்போது இருக்கும் கல்லூரி அனுப்பியது, பதினொரு பக்கம். நான் வக்கீல் இல்லை, ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் கையெழுத்திட வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனாலும் மேசையில் விரித்து இரண்டு பேரும் வரி வரியாகப் படித்தோம். தொகை இருந்தது, தேதிகள் இருந்தன, அது பெரிய ஆறுதல். இடையில் வேறு கல்லூரிக்கு மாறினால் இவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று இருந்தது. எதற்காகப் பணம் என்ற இடத்தில், மாணவர் தன் பெயர், உருவம், சாயலைப் பயன்படுத்தக் கல்லூரிக்கு உரிமம் தருவதற்காக என்று எழுதியிருந்தது. ஆறாவது பக்கத்தில், இந்த ஒப்பந்தத்தால் மாணவர் பணியாளர் ஆகிவிட மாட்டார் என்று தடித்த எழுத்தில். காலை ஐந்து மணிக்கு எழுந்து பளு தூக்குவதும், மதியம் பயிற்சியும், சனிக்கிழமை முட்டி பெயர ஆடுவதும் அந்தப் பதினொரு பக்கத்தில் எங்கேயும் இல்லை.

கல்லூரி அவனைப் பணியாளர் என்று எழுத வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அப்படி எழுதினால் டபிள்யூ-2 வரும், மாதாமாதம் வரி பிடிப்பார்கள், அடிபட்டால் இழப்பீடு உண்டு, டெனிசன் மனைவி கேட்டது அதைத்தானே. பையன்கள் சங்கமாகச் சேர்ந்து பேசலாம். ஆள் சேர்க்க வருகிற கோச் சமையலறையிலேயே காகிதத்தை வைக்கலாம், நலம் விரும்பியைப் பின்னால் அனுப்ப வேண்டியதில்லை. சிறிய கல்லூரிகளால் தாங்க முடியாது என்கிறார்கள், அந்தக் கவலை உண்மைதான், டென்னிஸும் நீச்சலும் மூடப்படலாம். அதற்கு வேறு வழி பார்க்கலாம். அதற்காகப் பத்தொன்பது வயதுப் பையனின் வேலைக்கு இன்னொரு பெயர் வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவன் கையெழுத்திட்டான். வக்கீலுக்கு 400 டாலர் ஆனது, அதைச் செலவில் கழிக்கலாம் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

தம்பி இப்போது பதினோராம் வகுப்பு. அவனும் லைன்மேன், அண்ணனைவிட ஓர் அங்குலம் உயரம். என் மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள், ஆனாலும் வெள்ளிக்கிழமைகளில் நான் கடைக்குப் போய் நிற்கிறேன். ஏஜென்ட் என்று சொல்லிக்கொண்டு ஏற்கெனவே இரண்டு பேர் கூப்பிட்டுவிட்டார்களாம். எதிர்வீட்டு அம்மா ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி, குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வைத்திருக்கிறார். கோடு போட்டுக் கொடுத்தது நான்தான்: தேதி, கூப்பிட்டவர் பெயர், எண், சொன்ன தொகை, எழுத்தில் வந்ததா. போன வாரம் காட்டினார். இரண்டு வரி நிரம்பியிருக்கிறது, கடைசிக் கட்டம் இரண்டிலும் காலி.